பவளமும் விளக்கொளியும்



கடற்கரைக்குத் தொலைவிலுள்ள கள்ளக்குறிச்சியில் பவளம் என்றதும், நகைக்கடையில் விற்கும் சிவப்பு மணியே பலருக்கு நினைவுக்கு வரும். அது மத்தியதரைக் கடலில் மங்கிய ஒளியில் வளர்வது. இன்று நான் பேசப்போவது வேறு பவளம். மன்னார் வளைகுடாவில், இராமேசுவரத்திற்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளை ஒட்டிப் பாறையாக வளர்ந்திருப்பது. அதற்கு ஒளியே உணவு.

விலங்கினத்தைச் சேர்ந்த ஓர் உயிர் ஒளியை உண்பது எங்ஙனம்? பவள உயிரின் தசைக்குள் ஒற்றைச்செல் பாசிகள் குடியிருக்கின்றன. அவை கதிரவன் ஒளியில் உணவு சமைத்து, அதில் பெரும்பகுதியைத் தமக்கு இடமளித்த உயிருக்கே கொடுத்துவிடுகின்றன. குடியிருப்பவன் வாடகையை நெல்லாக அளப்பது போன்ற ஏற்பாடு!

கடல்நீர் செந்நிற ஒளியை மேற்பரப்பிலேயே விழுங்கிவிடும். நீல ஒளிதான் ஆழத்திற்கு இறங்கும். ஆகவேதான் கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்ப்போர் நீல எல்.இ.டி. விளக்குகளை மிகுதியாகப் பயன்படுத்துகின்றனர். 450 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டிய ஒளியைப் பாசி நன்கு உறிஞ்சுகிறது. இந்நீல விளக்கை ஆக்கித் தந்த அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவரும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு பெற்றனர். நம் வீட்டு வெள்ளை எல்.இ.டி. விளக்கின் உள்ளே எரிவதும் பெரும்பாலும் நீலமே. மேலே பூசிய மஞ்சள் ஒளிர்பொருள் அதனை வெண்மையாக்குகிறது.

புற ஊதாக்கதிரும் வேண்டுமோ? வேண்டா என்பதே என் கருத்து. ஊதா ஒளி பட்டதும் சில பவளங்கள் பச்சையாக மின்னுவதைக் கண்டு மயங்குவோர் உண்டு. அவற்றின் உடலிலுள்ள புரதங்கள் ஒரு நிற ஒளியை ஏற்று வேறு நிறத்தில் உமிழ்வதால் அம்மின்னல் உண்டாகிறது; நீல விளக்கே அதற்குப் போதும். 400 நானோமீட்டருக்குக் குறைந்த கதிரோ உயிர்ச்செல்லைச் சிதைக்க வல்லது. ஆழமற்ற நீரில் வாழும் பவளம் அதைத் தடுக்கும் பொருள்களைத் தன் உடலில் சேர்த்து வைத்திருக்கிறது. நன்மை தரும் ஒன்றுக்கு எதிராக எவரேனும் கவசம் அணிவதுண்டோ? தொட்டி நீரில் கிருமிகளை அழிக்கும் புற ஊதா விளக்கு வேறு. அது மூடிய குழாய்க்குள் எரிவது. நீர் அதன் வழியே ஓடித் திரும்பும். அதை வெளியே எடுத்து எரிப்பது கண்ணுக்குக் கேடு.

நல்ல ஒளியும் மிகுந்தால் தீங்கே. கல்வராயன் மலைக்காட்டின் நிழலில் வளர்ந்த செடியைத் திடீரென வெட்டவெளியில் நட்டால் இலை கருகிவிடும், பவளமும் அத்தகையதே. அத்துடன் நீரின் வெப்பமும் கூடிவிட்டால் பாசிகளின் சமையலே நஞ்சாகிறது. பவளம் அவற்றை வெளியேற்றி வெளுத்துப் போகிறது. மன்னார் வளைகுடாவில் 2010-லும் 2016-லும் இது பேரளவில் நிகழ்ந்தது. வெளுத்தவற்றுள் பல மீளாமல் மடிந்தன.

அறிவியல் கண்காட்சிக்கு ஒரு துண்டு பவளம் கிடைக்குமா என்று உங்களில் சிலர் கேட்கலாம். எவரேனும் கொடுத்தாலும் வாங்கலாகாது. தூத்துக்குடிப் பக்கத்தில் சுண்ணாம்புக்காகப் பல்லாண்டுகள் வெட்டப்பட்ட இப்பவளத்தை, 2001 முதல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை காக்கிறது. புலிக்கு உரிய பாதுகாப்பு அது.

ஒளியின் நிறத்தைச் சோதிக்கப் பவளம் தேவையுமில்லை. ஹைட்ரில்லா என்னும் நீர்ச்செடியின் கிளையொன்றைக் கண்ணாடிக் குவளை நீரில் தலைகீழாக வைத்து, ஒரு சிட்டிகை சமையல் சோடா சேருங்கள். இருண்ட அறையில் நீல விளக்கால் ஒருமுறையும், அதே தொலைவில் பச்சை விளக்கால் ஒருமுறையும் ஒளியூட்டுங்கள். வெட்டிய தண்டிலிருந்து நிமிடத்திற்கு எத்தனை குமிழிகள் எழுகின்றன என்று எண்ணிக் குறித்துக்கொள்ளுங்கள்.