கொடியேற்றும் முன்பு



வரும் 15-ஆம் தேதி அன்னை மரியாவின் விண்ணேற்புப் பெருவிழா. நாட்டின் விடுதலை நாளும் அதுவே. திருப்பலி முடிந்ததும் கொடியேற்றுவோம், மிட்டாய் கொடுப்போம்.

2013-லும் அப்படித்தான் செய்தோம். முந்தின நாள், ஆகஸ்டு 14 நள்ளிரவு கடந்த சற்று நேரத்தில், மும்பை கடற்படைத் தளத்தில் நின்றிருந்த சிந்துரக்‌ஷக் நீர்மூழ்கிக் கப்பல் வெடித்து மூழ்கியிருந்தது. நடுக்கடலில்கூட அல்ல, கரையோரத்தில். உள்ளே 3 அதிகாரிகள், 15 மாலுமிகள். நாம் மிட்டாய் கொடுத்த வேளையில், வெப்பத்தில் இறுகிப்போன கதவுகளுக்குள், கை தெரியாத கலங்கல் நீரில் முக்குளிப்பு வீரர்கள் அவர்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள். முதல் உடல்கள் 16-ஆம் தேதிதான் கிடைத்தன. அவையும் கருகியிருந்தன; யார் யாரென்று அறிய மரபணுச் சோதனை வேண்டியிருந்தது.

அந்த வாரம் திருமுக்கூடலில் ஒரு நெசவாளித் தாய் நம்மைத் தேடி வந்தார். அவர் மகனும் கடற்படையில், வேறு கப்பலில். “முகத்தைப் பாக்காம எப்படி சாமி அடக்கம் பண்றது?” என்றார். மீன் வயிற்றிலிருந்து மன்றாடிய யோனாவைப் பற்றிச் சொல்லத் தொடங்கினோம்.

“அவரு கரைக்கு வந்துட்டாரே சாமி.”

மறையுரைக்கென்று படித்ததெல்லாம் அங்கே நின்றுபோனது. மரியாவுக்காவது மகனின் முகம் தெரிந்தது. அதை மட்டும் சொன்னோம். அந்தத் தாய் அழுதார்.

அந்தப் பெருவிழாவின் விசுவாசிகள் மன்றாட்டில் அந்த 18 பேரை நாம் சேர்க்கவில்லை. கொடியேற்றும் அவசரம். இந்த ஆண்டு சேர்க்கிறோம், கொடியேற்றும் முன்பே. மன்றாட்டை வாசிக்க அந்தத் தாயையே கேட்டிருக்கிறோம்.