படிப்பு வரவில்லையா, பலகை தெரியவில்லையா?

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், லயம், காணி என்று பேசும் இந்தக் கொழுந்து மடுவத்தில் இன்று பிள்ளைகளின் கண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். இதுவும் சங்கத்தின் வேலைதான்.

முதலில் எங்கள் தவறைச் சொல்லிவிடுகிறோம். தரம் 4இல் ஒரு பிள்ளை எப்போதும் பக்கத்துப் பிள்ளையின் கொப்பியைப் பார்த்தே எழுதினாள். பார்த்து எழுதுகிறாள் என்று ஏசினோம். பின்வாங்கில் உட்கார வைத்தோம். அவளுக்குக் கரும்பலகையே தெரியவில்லை என்பது பிறகுதான் புரிந்தது. கண்ணாடி போட்ட பிறகு அவள் யாருடைய கொப்பியையும் எட்டிப் பார்க்கவில்லை.

இதுதான் கிட்டப்பார்வை. பாடப்புத்தகத்தில் குறும்பார்வை என்று இருக்கும். கிட்ட இருப்பது தெரியும், தூரத்தில் இருப்பது மங்கும். கண் உருண்டை முன்பின்னாகக் கொஞ்சம் நீண்டுவிடுவதால் உருவம் விழித்திரைக்கு முன்னாலேயே விழுந்துவிடுகிறது. குழிவில்லைக் கண்ணாடி அதை விழித்திரையில் கொண்டு சேர்க்கிறது. மெல்ல மெல்ல வருவதால் பிள்ளைக்கே இது விளங்காது. எல்லாருக்கும் இப்படித்தான் தெரியும் என்று நினைத்துக்கொள்ளும்.

ஆகவே நாம்தான் கவனிக்க வேண்டும். பிள்ளை கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறதா? டீவிக்குக் கிட்டப் போய் உட்காருகிறதா? அடிக்கடி தலையிடி என்கிறதா? சந்தியில் நிற்கும்போது ஒரு கண்ணைப் பொத்தச் சொல்லி, வரும் பஸ்ஸின் பெயர்ப்பலகையை வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு மற்றக் கண். நமக்குத் தெரிவது பிள்ளைக்குத் தெரியாவிட்டால் கண்ணைப் பரிசோதிக்க வேண்டும்.

தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்குப் பாடசாலை வைத்தியப் பரிசோதனை நடக்கிறது. அன்று பிள்ளையைக் கட்டாயம் அனுப்புங்கள். கண் கிளினிக்குப் போகச் சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். கண்டி தேசிய வைத்தியசாலையில் பரிசோதனைக்குக் காசில்லை. வளரும் வயதில் பவர் கூடிக்கொண்டு போகலாம். அதனால் வருடத்துக்கு ஒரு தடவை காட்ட வேண்டும்.

“கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெட்டுப்போகும்” என்பது தவறு. “பொன்னாங்காணி சாப்பிட்டால் கண்ணாடியைக் கழற்றலாம்” என்பதும் தவறு. கீரை உடம்புக்கு நல்லது, ஆனால் நீண்ட கண்ணைக் குறுக்காது. “கண்ணாடி போட்ட பெண்ணை யார் கட்டுவார்கள்?” என்று கேட்பவர்களிடம், படிக்காத பெண்ணின் கதி என்ன என்று திருப்பிக் கேளுங்கள்.

வராமல் தடுக்க ஒரு வழி உண்டு: வெளிச்சத்தில் விளையாட்டு. சீனாவின் குவாங்சௌ நகரில் முதலாம் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பகுதியினரைப் பாடசாலை நாட்களில் மேலும் 40 நிமிடம் வெளியே விட்டார்கள். மூன்று வருடத்தில் மற்றப் பிள்ளைகளில் நூற்றுக்கு 39 பேருக்குக் கிட்டப்பார்வை வந்தது. இவர்களில் 30 பேருக்குத்தான் வந்தது. நமக்கு மலையும் வெயிலும் இலவசம். போனைக் கொடுத்துப் பிள்ளையை லயத்து அறைக்குள் உட்கார வைக்காதீர்கள்.

பெரியவர்களுக்கும் ஒன்று. நாற்பதுக்கு மேல் கிட்ட இருப்பது மங்குவது வேறு குறை. அதை வெள்ளெழுத்து என்கிறோம். அசாம் தேயிலைத் தோட்டங்களில் அந்த வயதுத் தொழிலாளர் 751 பேரை வைத்துச் செய்த ஆய்வு 2018இல் வெளிவந்தது. கண்ணாடி கிடைத்தவர்கள் பறித்த கொழுந்தின் அளவு, கிடைக்காதவர்களுடையதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக உயர்ந்தது. கண் தெரியாததைச் சோம்பல் என்று சொல்வது வகுப்பில் மட்டுமல்ல, மலையிலும் நடக்கிறது.

இது ஏன் சங்கத்தின் வேலை? கலஹாவிலிருந்தோ தெல்தோட்டையிலிருந்தோ பிள்ளையைக் கண்டிக்குக் கூட்டிப்போகும் தாய்க்கு அன்றைய பேர் இல்லை. பஸ் காசும் கண்ணாடிச் செலவும் அதற்கு மேல். அதனால்தான் கிளினிக் நாள் தள்ளிப்போகிறது. பிள்ளையின் படிப்பும் பின்வாங்கிலேயே நின்றுவிடுகிறது. கிளினிக் நாளுக்குப் பேர் வெட்டக் கூடாது என்று நிர்வாகத்திடம் கேட்போம்.

வெறுங்கையோடு போய்க் கேட்க முடியாது. அடுத்த கூட்டத்துக்கு வரும்போது, பஸ் பலகையை வாசிக்க முடியாத பிள்ளைகளின் பெயரை லயம் வாரியாக எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தப் பட்டியலோடு எல்லாரும் சேர்ந்து ஒபீஸுக்குப் போவோம்.