லண்டனில் பனி கொட்டிய நாளில்



2018 மார்ச் 1ஆம் தேதி, மத்தியானம். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்சம் கண்ணயரலாம் என்று பாயை விரிக்கிறேன், போன் அடிக்கிறது. லண்டனிலிருந்து என் தம்பி மகள். நலம்கூட விசாரிக்கவில்லை. "பெரியப்பா, பூமி சூடாகுது சூடாகுதுன்னு ஊரெல்லாம் பேசுறீங்களே, இங்க ஒரு நாள் வந்து நின்னு பாருங்க. வாசல் பூரா பனி. பிள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடம் லீவு. கடையில பாலும் இல்ல, பிரெட்டும் இல்ல. எங்க போச்சு உங்க சூடு?"

நான் சொன்னேன்: "அம்மாடி, ஒரே ஒரு வேலை செய். கிரீன்லாந்தோட வட கோடியில போன வாரக் கடைசியில எத்தனை டிகிரி இருந்துச்சுன்னு பார்த்துட்டு எனக்குச் சொல்லு."

அரைமணி கழித்து மறுபடி போன். குரலில் அந்தச் சண்டைக்காரத் தொனி இல்லை. "பெரியப்பா, ஆறு டிகிரின்னு போட்டிருக்கு. மைனஸ் போட மறந்துட்டாங்களா?"

மறக்கவில்லை நேயர்களே. ஆறுதான், பூஜ்யத்துக்கு மேலே ஆறு. கேப் மாரிஸ் ஜெசப் என்று ஒரு இடம். அதற்கு வடக்கே கிரீன்லாந்தில் மனிதர் நிறுத்திய வானிலை நிலையம் கிடையாது. வடதுருவம் அங்கிருந்து ஏறக்குறைய 700 கிலோமீட்டர்தான். பிப்ரவரி கடைசியில் அங்கே சூரியன் இன்னும் தலையே காட்டியிருக்காது. இருட்டு, முப்பது டிகிரி மைனஸ், அதுதான் வழக்கம். அந்த வருஷம் பிப்ரவரியில் அந்த நிலையத்துக் கருவி மொத்தமாகக் கிட்டத்தட்ட 60 மணி நேரம் பூஜ்யத்துக்கு மேலே காட்டியது. அதே வாரக் கடைசி முடிந்த திங்கட்கிழமை, ரோமாபுரியில் பனி. வாட்டிகன் சதுக்கத்தில் அங்கி போட்ட பாதிரிமார்கள் பனிப்பந்து எறிந்து விளையாடிய படங்கள் எல்லாப் பத்திரிகையிலும் வந்தன. ரோமில் குளிர், துருவத்துப் பக்கம் இளஞ்சூடு. வீட்டில் ஃபிரிட்ஜ் கதவை யாரோ திறந்தே வைத்துவிட்டால் சமையலறைத் தரை சில்லென்று ஆகும், உள்ளே ஐஸ் உருகும், அதுபோல.

ஃபிரிட்ஜ் கதவை யார் திறந்தது? இதைச் சொல்லத்தான் எனக்கு ஆசை. மற்றதையெல்லாம் கடிகாரம் விட்டால் பார்த்துக்கொள்ளலாம்.

நான் முப்பது வருஷத்துக்கு மேல் வானிலைத் துறையில் இருந்தவன். பெரிய விஞ்ஞானி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அளந்து எழுதுகிறவன், அவ்வளவுதான். அதிலும் பாதிக் காலம் பலூன் விடுவதே வேலை. குழந்தைகளுக்குத் திருவிழாவில் வாங்கிக் கொடுப்போமே, அந்தச் சாதிதான், ஆனால் ஆளைவிட உயரம். ஹைட்ரஜன் நிரப்புகிற கொட்டகைக்குள் தீப்பெட்டிக்கு அனுமதி கிடையாது. கிழக்குக் கடற்கரை ஓரம் ஒரு நிலையம். விடியற்காலை இருட்டில், கடல்காற்றில் அந்த பலூனைப் பிடித்துக்கொண்டு நிற்பது இருக்கிறதே, கன்றுக்குட்டியைக் கயிற்றில் பிடிப்பது மாதிரி. இழுக்கும், துள்ளும், முகத்தில் வந்து மோதும். கையை விட்டதும் ஒரு நிமிஷத்துக்கு 300 மீட்டர் கணக்கில் ஏறும். கீழே தொங்குகிற சின்னப் பெட்டி வெப்பம், ஈரம், அழுத்தம் எல்லாவற்றையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும்.

இந்த வேலையில் ஒரு அழகு உண்டு. நம்முடைய காலை ஐந்தரை மணி, லண்டனின் குளிர்கால நேரப்படி நள்ளிரவு. அந்த ஒரே நேரக் கணக்குக்கு உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான இடங்களில் இதேபோல் பலூன் ஏறும். மறுபடி சாயங்காலம் ஐந்தரைக்கு ஒரு தடவை. சண்டை போட்டுக்கொள்கிற நாடுகள்கூட இதில் மட்டும் பெரும்பாலும் நேரம் தவறுவதில்லை, கிடைத்த எண்களைப் பக்கத்து நாட்டுக்கு மறைப்பதும் இல்லை.

ஒரு முறை எங்கள் பெட்டி நாற்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு நாற்றங்காலில் விழுந்துவிட்டது. ஊர்க்காரர்கள் வெடிகுண்டு என்று நினைத்து, சுற்றி முள்ளைப் போட்டு, இரண்டு நாள் காவல் காத்தார்கள். ஆபத்தில்லாத கருவி என்று அதன் மேலேயே எழுதியிருந்தது. கிட்டே போனால்தானே படிக்க முடியும்? நான் போய்க் கையில் எடுத்தபோது ஒரு பாட்டி கேட்டார்: "ஐயா, இது மேலே போய் என்னத்தைப் பார்த்துச்சு?"

மைனஸ் எண்பதைப் பார்த்தது என்றேன். அவர் நம்பவில்லை. நீங்களும் நம்பமாட்டீர்கள். நம் தலைக்கு நேர் மேலே, 17 கிலோமீட்டரில், கத்திரி வெயில் கொளுத்துகிற நாளிலும் மைனஸ் 80 டிகிரி. மதுரைக்கும் மேலூருக்கும் உள்ள தூரத்தைவிடக் குறைவு. அந்த உயரத்தைத் தாண்டினால் இன்னொரு வேடிக்கை: ஏற ஏறச் சூடு கூடத் தொடங்கும். அந்த இரண்டாவது மாடிக்குத்தான் ஸ்ட்ராடோஸ்பியர் என்று பெயர்.

அந்த மாடியில் 1952இல் ஒரு மர்மம் அகப்பட்டது. பெர்லினில் ரிச்சர்ட் ஷெர்ஹாக் என்ற பேராசிரியர், நாங்கள் விடுகிற மாதிரியே பலூன் விட்டுக்கொண்டிருந்தார். நடுக்குளிர்காலம். ஒரு நாள் மேலே போன பலூன், முன்னே பார்த்ததைவிடப் பல பத்து டிகிரி கூடுதல் சூட்டைச் சொன்னது. கருவிக் கோளாறு என்று ஒதுக்கிவிடலாம், நானாக இருந்தால் ஒதுக்கியிருப்பேன். அவர் மறுபடி விட்டார், மறுபடி விட்டார். கருவி பொய் சொல்லவில்லை. சூரியன் சரியாக எட்டிப் பார்க்காத வடக்கில், குளிர்காலத்தில், 30 கிலோமீட்டர் உயரத்துக் காற்று சில நாளில் தீப்பிடித்த மாதிரிச் சூடாகியிருக்கிறது. பெர்லின் அதிசயம் என்று பெயர் வைத்தார்கள். இன்றைக்கு அதைத் திடீர் ஸ்ட்ராடோஸ்பியர் சூடேற்றம் என்கிறோம்.

எப்படிச் சூடாகிறது? பம்பரம் விட்டவர்கள் எல்லாரும் கொஞ்சம் கவனியுங்கள். வேகமாகச் சுற்றுகிற பம்பரம் அசையாமல் நிற்பதுபோல் இருக்குமே, 'பம்பரம் தூங்குது' என்போம். குளிர்காலத்தில் வடதுருவத்துக்கு மேலே அப்படி ஒரு பெரும்பம்பரம் தூங்குகிறது. மேற்கிலிருந்து கிழக்காகச் சுற்றுகிற காற்று, நடுவே கடுங்குளிர் அடைபட்டுக் கிடக்கும். துருவச் சுழல் என்பது இதுதான். பம்பரம் தூங்குகிறவரை குளிர் அதன் வீட்டைவிட்டு அதிகம் வெளியே வராது.

கீழே இமயமலையும் ராக்கி மலையும், கடலும் தரையும் மாறிமாறி வருகிற ஏற்ற இறக்கமும் காற்றில் பெரிய பெரிய அலைகளை எழுப்புகின்றன. அந்த அலைகள் சில சமயம் மேலே ஏறிப் போய்ச் சுழலின்மேல் உடைகின்றன. தூங்குகிற பம்பரத்தின்மேல் எதிராளி ஓங்கி ஓர் ஆக்கர் வைத்த மாதிரி. சுற்று தளரும், தள்ளாடும், துருவத்துக்கு மேலே காற்று மளமளவென்று கீழே அமுங்கும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பாகம் சுடுகிறதல்லவா, அமுங்குகிற காற்று சூடாகும். ஷெர்ஹாக் பார்த்த சூடு அதுதான். தென்துருவத்தைச் சுற்றி வெறும் கடல், இப்படி இடிக்க அவ்வளவு மலை இல்லை. அதனால் அங்கே இது பெரிய அளவில் பதிவானது 2002 செப்டம்பரில் மட்டும்தான். வடக்கில் சராசரியாகப் பத்து வருஷத்தில் ஆறு தடவை நடக்கும். நம் இமயமலைக்கும் லண்டன் பனிக்கும் ஒரு ஒட்டு உறவு உண்டு என்று தம்பி மகளிடம் சொன்னால் சிரிக்கிறாள்.

2018 பிப்ரவரி 12ஆம் தேதி அந்த ஆக்கர் விழுந்தது. சுழல் இரண்டாகவே பிளந்தது. துருவத்தைச் சுற்றி மேலே மேற்குக் காற்று நின்று, எதிர்த் திசையில் திரும்பிவிட்டது. மேலே நடந்தது கீழே இறங்கி வர இரண்டு வாரம் ஆகும், ஆயிற்று. ஐரோப்பாவுக்கு வழக்கமாக அட்லாண்டிக் கடல் பக்கமிருந்து மிதமான மேற்குக் காற்று வரும். அதற்குப் பதிலாக சைபீரியாவிலிருந்து கீழைக்காற்று. பிரிட்டன் பத்திரிகைகள் அதற்குக் கிழக்குத் திசை மிருகம் என்று பட்டம் கட்டின. ஸ்காட்லாந்துக்குப் பனிக்காகச் சிவப்பு எச்சரிக்கை. மார்ச் முதல் நாள் பல ஊர்களில் பகலில்கூடப் பூஜ்யத்தைத் தாண்டவில்லை. அதே கலைந்த காற்றின் இன்னொரு கை, கிரீன்லாந்துக் கடல் வழியாகத் தெற்குச் சூட்டை வடக்கே அள்ளிக்கொண்டு போனது. அதைத்தான் கேப் மாரிஸ் ஜெசப்பில் ஆறு டிகிரி என்று கருவி எழுதியது.

லண்டனில் விழுந்த குளிர் புதிதாக உற்பத்தியான சரக்கு இல்லை நேயர்களே. இருந்த குளிர் வீடு மாறியிருக்கிறது. பூமியின் கணக்குப் புத்தகத்தில் ஒரு பக்கத்தில் பற்று எழுதினால் இன்னொரு பக்கத்தில் வரவு எழுத வேண்டும். அந்த இன்னொரு பக்கத்தைப் புரட்டாமல், எங்கே போச்சு சூடு என்று கேட்டால் பதில் கிடைக்காது.

ஆனாலும் அவள் கேட்டதில் தப்பில்லை. காற்றின் திசை மாறினால் ஒரே ராத்திரியில் பத்து டிகிரி குறையும். பூமி முழுக்கச் சராசரியாக ஏறியது, தொழிற்புரட்சிக் காலத்திலிருந்து கணக்கிட்டால், அப்போது சுமார் ஒரு டிகிரி. பத்து டிகிரி உடம்பில் உறைக்கும். ஒரு டிகிரியை உடம்பு எப்படி அறியும்? அதற்குத்தான் எங்களைப் போன்றவர்களைச் சம்பளம் கொடுத்து வைத்திருந்தார்கள்.

வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம். வெள்ளையடித்த மரப்பெட்டி, பக்கமெல்லாம் காற்றுப் போக சாய்ப்பலகை, உள்ளே வெப்பமானி. ஸ்டீவன்சன் பெட்டி என்போம். (அதை வடிவமைத்த தாமஸ் ஸ்டீவன்சனின் மகன்தான் 'புதையல் தீவு' எழுதிய எழுத்தாளர். கதை பிடித்தவர்களுக்கு இது.) நான் கதவைத் திறந்து, மூக்கை உள்ளே நுழைத்து, நிதானமாகப் பார்த்து 27.8 என்று எழுதினேன். பின்னால் நின்ற மூத்தவர் கேட்டார்: "தம்பி, நீ எழுதினது ஊர்ச் சூடா, உன் மூச்சுச் சூடா?" கதவைச் சாத்தி, கொஞ்ச நேரம் விட்டு, சட்டென்று திறந்து படித்தால் 27.3. அந்த அரை டிகிரிக்காக அவர் என்னை அன்றைக்குப் பூராவும் பெட்டிக்குப் பக்கத்திலேயே நிறுத்திவைத்தார்.

அப்படி மூச்சடக்கி எழுதிய எண்கள், ஆயிரக்கணக்கான ஊர், நூற்றைம்பது வருஷம். அதைச் சேர்த்துப் பார்த்தால்தான் அந்த ஒரு டிகிரி தெரியும். அமெரிக்காவின் பதிவுகளில் ஒரு கணக்கு எடுத்தார்கள்: ஓர் ஊரில் அந்தத் தேதியில் இதுவரை இல்லாத வெப்பம், இதுவரை இல்லாத குளிர், எது எத்தனை நாள்? 1950களில் இரண்டும் ஏறக்குறையச் சமம். 2000த்துக்குப் பிந்திய பத்து வருஷத்தில் வெப்பச் சாதனை இரண்டு என்றால் குளிர்ச் சாதனை ஒன்று. கவனியுங்கள், குளிர்ச் சாதனை நின்றுபோகவில்லை. சூடாகிற பூமியிலும் குளிர் வரும்.

தம்பி மகளின் அதே கேள்வியைக் கேட்க அமெரிக்க செனட் சபைக்கே ஒருவர் பனிப்பந்தோடு வந்தார். ஒக்லஹோமாவின் ஜேம்ஸ் இன்ஹோஃப், அப்போது சபையின் சுற்றுச்சூழல் குழுவுக்கே தலைவர். 2015 பிப்ரவரி 26. வாஷிங்டனில் பனி, ஒரு பையிலிருந்து பனி உருண்டையை எடுத்துக் காட்டி, சபையிலேயே வீசினார். அந்த 2015 முடிந்து கணக்குப் பார்த்தபோது, அதுவரை பதிவான வருஷங்களிலேயே சூடான வருஷம் அதுதான். ரோமின் பாதிரிமார்களின் பனிப்பந்தில் குறைந்தபட்சம் சிரிப்பாவது இருந்தது.

இந்த இடத்தில் இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிட வேண்டும். வடதுருவம் வேகமாகச் சூடாவதால்தான் இந்தப் பம்பரம் அடிக்கடி தள்ளாடுகிறதா? ஆமாம் என்று ஒரு கட்சி, ஆதாரம் போதாது என்று ஒரு கட்சி. ஆராய்ச்சியாளர்கள் இன்னும் மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறார்கள். எனக்கு முதல் கட்சியின்மேல் ஆசை உண்டு, கதை அழகாகச் சேர்கிறது. ஆனால் அழகாகச் சேர்கிற கதைமேல்தான் அளக்கிறவன் அதிகம் சந்தேகப்பட வேண்டும். குளிர் அலைகள் மொத்தத்தில் குறைந்தும் தணிந்தும் வருகின்றன என்பதில் சர்ச்சை இல்லை.

நேரம் ஓடிவிட்டது. மனாபே பற்றி விரிவாகச் சொல்ல எழுதி வந்திருந்தேன், இரண்டு வரியில் முடிக்கிறேன். ஜப்பானில் பிறந்து அமெரிக்காவில் வேலை பார்த்த சுகுரோ மனாபே, 1967இலேயே தன் சகாவோடு கணக்குப் போட்டுச் சொன்னார்: கரியமில வாயு கூடினால் கீழ்மாடி சூடாகும், மேல்மாடி குளிரும். சூரியன்தான் காரணமென்றால் இரண்டு மாடியும் சேர்ந்து சூடாக வேண்டும். பிறகு எங்கள் பலூன்களும் செயற்கைக்கோள்களும் பார்த்தது என்ன? கீழே சூடு, மேலே குளிர். 2021இல், தொண்ணூறு வயதில், அவருக்கு நோபல் பரிசு. அந்த எண்களில் ஏதோ ஒரு மூலையில் எங்கள் கொட்டகையில் ஏற்றிய பலூனும் இருக்கும் என்று நினைத்து அன்றைக்கு வீட்டில் பாயசம் வைக்கச் சொன்னேன்.

தம்பி மகள் அதே 2018 ஜூலையில் மறுபடி கூப்பிட்டாள். லண்டன் பூங்காவில் புல்லெல்லாம் காய்ந்து வைக்கோல் நிறம். "பெரியப்பா, ஃபேன் வாங்கலாம்னு போனா எந்தக் கடையிலயும் ஸ்டாக் இல்ல. ராத்திரி தூங்கவே முடியல." இங்கிலாந்தில் பதிவு தொடங்கியதிலிருந்து அதுவரை வந்ததிலேயே மிகச் சூடான கோடை அது. மார்ச்சில் கேட்ட கேள்வியை அவளுக்கு நான் ஞாபகப்படுத்தவில்லை. விசிறி இருக்கிறதா, அனுப்பட்டுமா என்று மட்டும் கேட்டேன்.

இன்றைக்குச் சாயங்காலமும் ஐந்தரை மணிக் கணக்குக்கு ஒரு பலூன் கொஞ்சம் முன்னாலேயே ஏறும். மீனம்பாக்கம், காரைக்கால் பக்கம் இருக்கிறவர்கள், வானம் வெளுத்திருந்தால், ஐந்து மணி வாக்கில் மொட்டைமாடிக்குப் போய் அண்ணாந்து பாருங்கள். ஒரு வெள்ளைப் புள்ளி கண்ணில் படும் என்று நம்புகிறேன்.