உப்புப் பார்க்கும் அறிவியல்

(கல்விக் கழக வெள்ளி விழாவில் ஆற்றிய உரை)



அறிவியல் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்துள்ளீர்கள். நான் பொறியாளன் அல்லன்; பள்ளி ஆசிரியன். ஆகவே, பொறியியலார் "பின்னூட்டக் கட்டுப்பாடு" என வழங்கும் கருத்தை அடுக்களையிலிருந்தே தொடங்குகிறேன்.

குழம்பு கொதிக்கிறது. தாய் ஒரு துளியை உள்ளங்கையில் விட்டுச் சுவைக்கிறாள். உப்புக் குறைவெனில் சிறிது சேர்க்கிறாள், மீண்டும் சுவைக்கிறாள். இதில் மூன்று செயல்கள் உள்ளன. நாக்கு அளக்கிறது. மனம், இருக்கும் சுவையை இருக்க வேண்டிய சுவையோடு ஒப்பிடுகிறது. கை திருத்துகிறது. செயலின் விளைவு பற்றிய செய்தி செய்பவரிடமே திரும்பி வந்து அடுத்த செயலை நெறிப்படுத்துவதே பின்னூட்டம்.

மின்விசிறிக்கு இவ்வறிவு இல்லை. மூன்றாம் எண்ணில் வைத்தால், அறை குளிர்ந்தாலும் புழுங்கினாலும் அது ஒரே வேகத்தில் சுழலும். தானியங்கி இஸ்திரிப் பெட்டியோ அத்தகையதன்று. இரு வேறு உலோகங்களை ஒட்டிய தகடு ஒன்று அதனுள் உண்டு. சூடு ஏறினால் ஓர் உலோகம் மற்றதைவிட மிகுதியாக விரியும். தகடு வளைந்து மின்னிணைப்பு விடுபடும். ஆறினால் தகடு நிமிர்ந்து இணைப்பு மீண்டும் சேரும்.

1788-இல் ஜேம்ஸ் வாட் தம் நீராவி எந்திரத்தில் அமைத்த இரு சுழல் குண்டுகளின் பணியும் இதுவே. வேகம் மிகுந்தால் குண்டுகள் விலகி உயரும். நீராவி வரும் வழி குறுகும். வேகம் தளர்ந்தால் குண்டுகள் தாழும், வழி அகலும். கட்டுப்பாடு பற்றிய இத்துறைக்கு 1948-இல் நார்பர்ட் வீனர் "சைபர்நெடிக்ஸ்" எனப் பெயரிட்டார். சுக்கான் பிடிப்பவன் என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லிலிருந்து பிறந்த பெயர் அது.

திருத்துவதிலும் இரு பிழைகள் நேரலாம். மிதிவண்டி பழகும் சிறுவன், வண்டி சற்றே சாய்ந்ததும் கைப்பிடியை வேகமாகத் திருப்பி மறுபுறம் விழுகிறான். அது அளவு மீறிய திருத்தம். மதிப்பெண் குறைந்ததற்காகப் பிள்ளையை அடித்துப் பள்ளியையே வெறுக்கச் செய்வதும் அவ்வகையே. மற்றொரு பிழை தாமதம். பந்தியில் பரிமாறிய பின் உப்புப் பார்த்து என்ன பயன்?

அப்பிழையை நானே செய்திருக்கிறேன். ஒரு மாணவன் வராத நாள்களைப் பதிவேட்டில் தவறாமல் குறித்தேன். அவற்றைக் கூட்டிப் பார்த்ததோ ஆண்டின் இறுதியில். அதற்குள் அவன் பெற்றோருடன் செங்கற்சூளைக்குப் போய்விட்டான். அளந்தேன், ஒப்பிடவில்லை, திருத்தவுமில்லை.

சற்று முன் இந்த ஒலிபெருக்கி வீறிட்டதைக் கேட்டீர்கள். அதிலிருந்து வரும் ஒலி மீண்டும் ஒலிவாங்கியில் புகுந்து, சுற்றிச் சுற்றிப் பெருகுவதால் விளைவது அது. இதுவும் பின்னூட்டமே, ஆனால் பிழையைக் குறைக்காமல் வளர்ப்பது. "இவனுக்குப் படிப்பு வராது" என்று நம் பிள்ளையைக் கடைசி வரிசையில் அமர்த்துகிறார்கள். அங்கே அவன் வினாக் கேட்க அஞ்சுகிறான், பின்தங்குகிறான். பின்தங்கியதையே தம் சொல்லுக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். இது பிறப்பின் குறையன்று. ஒரு சுழற்சியின் கொடுமை. ஓரிடத்தில் அறுத்தாலும் அச்சுழற்சி நிற்கும்.

இளைஞர்களே! 25 ஆண்டுகளில் நம் கழகம் பள்ளியில் சேர்த்த பிள்ளைகளை எண்ணி மகிழ்கிறோம். மகிழத் தக்கதே. இடையில் நின்றவர்களையும் எண்ணுவோம். உங்களில் ஒவ்வொருவரும் ஐந்து பிள்ளைகளைப் பொறுப்பேற்றுக் கொள்ளுங்கள். இன்று பள்ளிக்குச் சென்றாயா, என்ன விளங்கவில்லை என்று மாலைதோறும் கேளுங்கள். இரண்டு நாள் வராத பிள்ளையின் வாயிலில் மூன்றாம் நாள் நம்மவர் ஒருவர் நிற்க வேண்டும். மிரட்டுவதற்கு அன்று, காரணம் அறிந்து உதவுவதற்கு.

குழம்பு அடுப்பில் இருக்கும்போதே உப்புப் பார்ப்போம்.