அந்த ஒரு வார்த்தை

(மாதாந்திர வாசிப்புக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இந்த மாசம் நான் படிச்ச புத்தகத்தைப் பத்திப் பேசணும்னு போன கூட்டத்திலேயே முடிவாச்சு. என்ன புத்தகம்னு ஒரு தோழர் கேட்டார். ஸ்வீடன் நாட்டுத் துப்பறியும் நாவல்னேன். "நமக்கு இருக்கிற வேலைக்கு அதுவேறயா?"ன்னு சிரிச்சார். அவர் இங்கேதான் உட்கார்ந்திருக்கார். அவருக்குப் பதில் சொல்ற மாதிரியே பேசிடறேன்.

துப்பறியும் கதை நமக்குப் புதுசில்லை. பஸ் ஸ்டாண்டு கடையில் கயிற்றில் தொங்கிய மாத நாவல்களைப் படித்துத்தான் நம்மில் பலபேருக்குப் படிக்கிற பழக்கமே வந்தது. தமிழ்வாணனின் சங்கர்லாலுக்குத் தேநீர் கிடைத்தால் போதும், மூளை ஓடும். சுஜாதாவின் கணேஷும் வசந்தும் பேச்சிலேயே பாதி வழக்கை முடித்துவிடுவார்கள். இவர்கள் கெட்டிக்காரர்கள். ஆனால் குற்றத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தூக்கம் வராமல் புரண்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

ஹென்னிங் மாங்கெல் எழுதிய குர்ட் வாலண்டர் வேறு மாதிரி ஆள். ஸ்வீடனின் தெற்குக் கோடியில், ஸ்கோனெ பகுதியில், ஈஸ்டாட் என்கிற சின்ன ஊரில் போலீஸ் அதிகாரி. வயசு நாற்பதுக்கு மேல். பெண்டாட்டி விட்டுப் போய்விட்டாள். மகள் சரியாகப் பேசுவதில்லை. கண்டதைத் தின்று உடம்பு பெருத்துக் கிடக்கிறார். பின்னால் சர்க்கரை நோயும் வருகிறது. அவரோட அப்பா ஓவியர். வாழ்நாள் பூரா ஒரே காட்சியைத்தான் வரைந்தவர். சில படத்தில் ஒரு காட்டுக்கோழி இருக்கும், சில படத்தில் இருக்காது, அவ்வளவுதான் வித்தியாசம். 1991லிருந்து 1998க்குள் எட்டு நாவல்கள். 2009ல் வந்த கடைசி நாவலில் வாலண்டருக்கு ஞாபகமே அழிய ஆரம்பித்துவிடுகிறது.

இந்த வகை எழுத்துக்கு முன்னோடிகளும் ஸ்வீடன்காரர்கள்தான். மாய் ஷோவால், பேர் வாலோ என்ற இணையர். ரெண்டு பேரும் மார்க்சியர்கள். 1965லிருந்து 1975 வரை பத்து நாவல்கள் எழுதினார்கள். மொத்தத்துக்கும் 'ஒரு குற்றத்தின் கதை' என்று பொதுப்பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு நாவலிலும் ஒரு கொலை இருக்கும். ஆனால் அவர்கள் குற்றம் என்று சொன்னது, மக்கள் நல அரசு என்று பெயர் வைத்துக்கொண்டு உழைக்கிற சனங்களைக் கைவிட்டதை. அவர்களுடைய துப்பறிவாளர் மார்ட்டின் பெக்குக்கு எப்பவும் வயிற்றுக் கோளாறு. நாட்டைப் பிடித்த நோவை அந்த மனுசன் வயிற்றில் வைத்துக் காட்டினார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது.

மாங்கெல் 1948ல் பிறந்தவர். 2015ல் இறந்தார். அப்பா நீதிபதி. கோர்ட் கட்டடத்தின் மாடியிலேயே வீடு. கீழே வழக்கு, மேலே குழந்தை. பிறகு ஆப்பிரிக்காவில் நெடுங்காலம் இருந்தார். மொசாம்பிக் தலைநகர் மபூட்டோவில் நாடகக் குழுவோடு வேலை செய்தார். ஊருக்குத் திரும்பியபோது ஸ்வீடனில் இனவெறி வளர்ந்திருப்பதைப் பார்க்கிறார். அதைப் பற்றி எழுத வேண்டும். இனவெறி ஒரு குற்றம், அப்படியானால் குற்றக் கதையாகவே எழுதுவோம் என்று முடிவு செய்கிறார். வாலண்டர் என்ற பெயரைத் தொலைபேசிப் புத்தகத்திலிருந்து எடுத்தாராம்.

அவர் பார்த்தது என்ன? ஒண்ணு மட்டும் சொல்றேன். ஈஸ்டாட்டுக்குப் பக்கத்தில் ஷோபோ என்று ஓர் ஊர். அகதிகளை ஏற்கலாமா வேண்டாமா என்று 1988ல் அங்கே ஊர் வாக்கெடுப்பு நடத்தினார்கள். மூன்றில் இரண்டு பங்குபேர் வேண்டாம் என்று ஓட்டுப் போட்டார்கள். ஊர்க்கூட்டம் போட்டு ஒரு சனத்தை உள்ளே விடாதே என்று தீர்மானிப்பது நமக்குத் தெரியாத சங்கதியா? அங்கே ஓட்டுப்பெட்டி வைத்துச் செய்தார்கள்.

முதல் நாவல் 'முகமில்லாத கொலைகாரர்கள்'. 1991ல் வந்தது. கதை தொடங்குவது 1990 ஜனவரியில். ஒரு பண்ணை வீட்டில் வயசான தம்பதி தாக்கப்பட்டுக் கிடக்கிறார்கள். கிழவர் சித்திரவதைப்பட்டுச் செத்துவிட்டார். கிழவிக்குக் கொஞ்சம் உயிர் இருக்கிறது. ஆஸ்பத்திரியில் சாவதற்கு முன் ஒரே ஒரு வார்த்தை சொல்கிறாள். 'வெளிநாட்டு.' வெளிநாட்டு ஆளா, வெளிநாட்டுப் பொருளா, வெளிநாட்டுப் பேச்சா? தெரியாது. அந்த ஒரு வார்த்தைதான்.

இது வெளியே தெரியக்கூடாது என்று போலீஸ்காரர்கள் பேசிக்கொள்கிறார்கள். ஆனால் உள்ளேயிருந்தே கசிந்துவிடுகிறது. மிரட்டல் போன்கள் வருகின்றன. அகதி முகாமுக்குத் தீ வைக்கிறார்கள். பிறகு ஒரு சோமாலிய அகதி சுட்டுக் கொல்லப்படுகிறார். அந்தக் கொலையில் சம்பந்தப்பட்ட ஒருவன் முன்னாள் போலீஸ்காரன்.

இதற்கு நடுவே வாலண்டர் மனசில் ஓடுவதை மாங்கெல் ஒளிக்கவில்லை. கொலைகாரர்கள் அந்த அகதி முகாமிலேயே இருந்து தொலைக்கட்டும் என்று அவர் உள்ளுக்குள் ஆசைப்படுகிறார். அப்போதாவது கண்டவர்களையும் உள்ளே விடுகிற இந்தத் தளர்ந்த கொள்கை முடிவுக்கு வரும் என்று நினைக்கிறார். மூத்த சகா ரீட்பெர்க்கிடம்கூட அதைச் சொல்ல முடியவில்லை. மகளுக்கு ஒரு கறுப்பின இளைஞனோடு பழக்கம். கென்யாக்காரன், மருத்துவம் படிக்கிறவன். அதுவும் இவருக்கு உறுத்துகிறது. இத்தனைக்கும் அகதிகளைக் காப்பாற்ற ராத்திரி பகலாக அலைகிறவரும் இவர்தான். இந்த மனுசன் கெட்டவரில்லை. நம்ம ஆபீசில், யூனியனில், பக்கத்து சீட்டில் இருக்கிறாரே, "எனக்கு அந்த மாதிரி வித்தியாசமெல்லாம் கிடையாது சார்" என்று சொல்கிறவர், அவர்தான்.

வழக்கு மாசக்கணக்கில் இழுக்கிறது. கடைசியில் உடைப்பது யார் தெரியுமா? ஒரு பேங்க் கிளார்க்! கிழவர் சாவதற்கு முன் பேங்கில் பெரிய தொகை எடுத்திருக்கிறார். அங்கே கவுண்டரில் இருந்த பிரிட்டா-லேனா போடேன் என்ற பெண்ணுக்கு அபார ஞாபகம். அன்றைய சீட்டுகளை வைத்துக்கொண்டு வரிசையில் நின்ற ஒவ்வொருவராக நினைவுக்குக் கொண்டுவருகிறாள். நானும் அதே வேலைக்காரன் என்பதால் அந்தப் பக்கங்களைப் படித்தபோது ஒரு சந்தோசம். வவுச்சரைப் பார்த்தால் முகம் வரும். அது எங்களுக்குத் தெரியும். கிழவர் பணம் எடுப்பதை வரிசையிலிருந்து பார்த்துப் பின்தொடர்ந்த ரெண்டு ஆட்கள் பிடிபடுகிறார்கள்.

அவர்கள் யார்? வெளிநாட்டுக்காரர்கள்.

இங்கேதான் புத்தகத்தைத் தூக்கிப் போட்டேன். என்னய்யா இது? இத்தனை பக்கம் இனவெறிக்கு எதிராக எழுதிவிட்டு, கடைசியில் அந்த வார்த்தையை நிசமாக்கிவிட்டானே! ஒரு உள்ளூர்ப் பணக்காரனைக் கொலைகாரனாக்கியிருந்தால் என்ன குறைந்துபோயிருக்கும்? ஷோபோவில் ஓட்டுப் போட்டவன் இதைப் படித்தால் "பார்த்தாயா" என்று சொல்லமாட்டானா? ரெண்டு நாள் அந்தப் புத்தகத்தைத் தொடவில்லை.

தோழர்களே, கோபம் ஏன் அவ்வளவு வந்தது என்று யோசித்தபோது வேறொன்று நினைவுக்கு வந்தது. இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சில வருசத்துக்கு முன்னால், நான் வேலை பார்த்த ஒரு கிளையில் சாயங்காலம் கணக்கு முடிக்கும்போது இருபதாயிரம் ரூபாய் குறைந்தது. எல்லார் பையையும் பார்க்கலாம் என்றார்கள். சரி. ஆனால் முதலில் யார் பை? யாரும் என் பேரைச் சொல்லவில்லை. எல்லார் கண்ணும் என் மேசைக்கு வந்தது. நானே எழுந்து பையைக் கொட்டிக் காட்டினேன். சாப்பாட்டு டப்பா, குடை, ஒரு கவிதைப் புத்தகம். ரெண்டாம் நாள் ஆள் தெரிந்தது. தினக்கூலிக்கு வந்த மெசஞ்சர் பையன். எங்க சேரிப் பையன். அவன் அம்மா ஆஸ்பத்திரியில் இருந்தாள். காரணமாகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்றேன்.

அன்றைக்கு அந்த ஆபீசில் ஒரு நிம்மதி பரவியது. "நாங்க அப்பவே நெனச்சோம்." என்னிடமும் ஒருத்தர் வந்து, "உங்களச் சொல்லல சார், நீங்க வேற" என்றார். நான் என்ன செய்தேன்? "நம்ம பேரக் கெடுத்துட்டானே"ன்னு மனசுக்குள்ள அந்தப் பையனைத் திட்டினேன். அவனைப் போலீசில் கொடுத்தபோது வாயைத் திறக்கவில்லை. என் பேர் தப்பித்தது, அது போதும் என்று இருந்துவிட்டேன்.

இதே கிளையில் அதற்கு ஒரு வருசம் முன்னால் ஓர் அதிகாரி கடன் கணக்கில் கையை வைத்தார். பல லட்சம். கட்டிவிட்டார், மாற்றல் ஆகிவிட்டது. "பாவம், குடும்பக் கஷ்டம்" என்றார்கள். அவர் என்ன சாதி என்று அன்றைக்கு யாரும் பேசவில்லை. திருடியது அவர். அவருடைய சாதி திருடவில்லை. ஆனால் பையன் திருடியபோது சேரியே திருடியது.

நாவலில் இதே கணக்கு இருக்கிறது. ஓர் இரவு வாலண்டர் குடித்துவிட்டுக் கார் ஓட்டுகிறார். ரோந்து வந்த அவருடைய சகாக்களே மடக்குகிறார்கள். வழக்குப் போடவில்லை. வீட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வாயை மூடிக்கொள்கிறார்கள். அது குற்றம். ஆனால் வாசகனான எனக்கும் "ஐயோ பாவம், மனசு சரியில்லை" என்றுதான் பட்டது. அதைக் கவனித்தபோதுதான் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். ஒருவனுடைய தப்பு அவனுடைய சோகமாகிறது. இன்னொருவனுடைய தப்பு அவன் சனத்தின் குணமாகிறது. இதைப் பிரிக்கிற அதிகாரம் யாரிடம் இருக்கிறது?

கொலைகாரன் உள்ளூர்க்காரனாக இருந்திருந்தால், "அகதிகள் நிரபராதிகள், அதனால் அவர்களை வாழவிடுங்கள்" என்று முடிந்திருக்கும். நல்ல பாடம், எல்லாரும் கைதட்டுவார்கள். ஆனால் அதில் ஒரு கண்ணி இருக்கிறது. நாளைக்கு ஒரு அகதி நிசமாகவே குற்றம் செய்தால்? அப்போது முகாமுக்குத் தீ வைக்கலாமா? மாங்கெல் அந்தக் கேள்விக்குள் நம்மைத் தள்ளிவிட்டார். கிழவி சொன்னது உண்மை. அந்த உண்மையால் சோமாலியரின் சாவு துளிகூட நியாயமாகவில்லை.

நாமும் இந்தக் கண்ணியில் அடிக்கடி சிக்குகிறோம். நம்ம கதைகளில், நம்ம அறிக்கைகளில் பாதிக்கப்பட்டவன் எப்பவும் நல்லவனாக, படித்தவனாக, ஒழுக்கமானவனாக இருக்கணும். குடிகாரனைச் சாதி சொல்லி அடித்தால் நம்ம குரல் கொஞ்சம் இறங்குகிறது. 1871ல் குற்றப் பரம்பரைச் சட்டம் கொண்டுவந்த வெள்ளைக்காரன், பிறப்பை வைத்தே குற்றவாளி என்று எழுதினான். அதற்குப் பதிலாக நாம், "இல்லை, எங்களில் குற்றவாளியே கிடையாது" என்று நிரூபிக்கக் கிளம்பினால், அவன் போட்ட விதியிலேயே ஆடுகிறோம் என்று அர்த்தம். மனுச உரிமைக்கு நன்னடத்தைச் சான்றிதழ் கேட்கக்கூடாது. நாமும் நீட்டக்கூடாது.

மாங்கெலிடம் எனக்குச் சண்டையும் உண்டு. கொல்லப்பட்ட சோமாலியர் இந்த நாவலில் பேசுவதே இல்லை. அவர் எதற்காக நாட்டை விட்டு ஓடிவந்தார், எதை நினைத்துக்கொண்டு அன்றைக்கு நடந்துபோனார், ஒன்றும் தெரியாது. வாலண்டரின் தனிமைக்கும் தூக்கமின்மைக்கும் எத்தனையோ பக்கம். முகமில்லாதவர்கள் கொலைகாரர்கள் மட்டுமில்லை, கொலையானவருக்கும் இதில் முகமில்லை. இனவெறியை எதிர்த்து வெள்ளையர் எழுதும்போது அதில் வெள்ளையரின் மனக்கலக்கம்தான் கதையாகிறது. மாங்கெலே இந்த வரிசைக்கு, 'ஸ்வீடனின் மனக்கலக்கம் பற்றிய நாவல்கள்' என்று பெயர் வைத்திருக்கலாம் என்று பின்னால் எழுதினார். நேர்மையான பெயர்தான். மற்றவர்களின் கலக்கத்தை எழுத அந்த மற்றவர்களே வரணும்.

நாவல் வெளியான அதே 1991 ஆகஸ்டில் ஸ்டாக்ஹோமில் ஒருவன் குடியேறிகளைத் தேடித் தேடிச் சுட ஆரம்பித்தான். 1992 ஜனவரிக்குள் பதினொரு பேரைச் சுட்டான். ஈரானிலிருந்து வந்த ஒரு மாணவர் செத்தார். 1988ல் ஆரம்பித்த ஸ்வீடன் டெமாக்ரட்ஸ் என்ற குடியேறிகளை எதிர்க்கும் கட்சி, 2010ல் பாராளுமன்றத்துக்குள் நுழைந்தது. 2022 தேர்தலில் 20 சதவீதத்துக்குமேல் வாங்கி இரண்டாவது பெரிய கட்சியானது. ஓர் எழுத்தாளன் சின்ன ஊர்ப் போலீஸ்காரனின் தூக்கமின்மையில் பார்த்ததை, நாடு முப்பது வருசத்தில் வெளிப்படையாகச் செய்து காட்டியது.

அந்தத் தோழருக்கு என் பதில் இதுதான். நமக்கு இருக்கிற வேலையில் இதுவும் ஒண்ணு. போலீஸ் ஸ்டேஷன் பெஞ்சில் விடிய விடிய உட்காரவைக்கப்பட்டவனுக்குத் தெரிந்த துப்பு எந்தத் துப்பறிவாளனுக்கும் தெரியாது. அந்தப் பெஞ்சிலிருந்து ஒரு குற்றக் கதையை நம்ம பிள்ளைகள் எழுதணும். அதில் நம்ம ஆள் நிரபராதியாக இருந்தாலும் சரி, திருடியவனாக இருந்தாலும் சரி.

அந்த மெசஞ்சர் பையன் இப்போது எங்கே இருக்கான்னு தெரியலை. அன்னிக்கு ஸ்டேஷனுக்கு அவன்கூட ஒரு ஆள் போயிருக்கணும். நான் போயிருக்கணும். போகலை. அதை இங்கே பதிவு பண்ணிட்டு முடிக்கிறேன்.