ஊர் வாடை அடிக்கிற குரல்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் திருத்தியிருக்கிறோம்.)

 

போன எபிசோடுக்கு வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான். "நீங்க கூமாப்பட்டியா? அந்தக் கூமாப்பட்டியா?" ஆமாங்க, அந்தக் கூமாப்பட்டியேதான். ஸ்ரீவில்லிபுத்தூர்ல இருந்து கிருஷ்ணன்கோவில், அங்கிருந்து வத்திராயிருப்பு, அதுக்கும் அங்கிட்டு மலையடிவாரத்துல நெல்லும் தென்னையுமா ஒரு ஊர். 2025 ஜூன்ல ஒரு ரீல்ஸ் ஓடுச்சே, "ஏங்க"ன்னு ஆரம்பிக்குமே, அதுக்கு முன்னாடி சென்னையில எங்க ஊர் பேரைச் சொன்னா "அது எங்க இருக்கு"ன்னு கேப்பாங்க. அதுக்கப்புறம் ஊர் பேரைச் சொன்னதுமே சிரிக்கிறாங்க. பிளவக்கல் அணையைப் பார்க்கணும்னு ஜனம் வண்டி கட்டிக்கிட்டு வந்துச்சு. உள்ள விடலைன்னு திரும்பிப் போச்சு.

அந்தப் பையன் மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஊரைப் பெருமையாத்தான் காட்டினாரு. என் சிக்கல் வேற. அந்த வாரம் ஆபீஸ்ல என்னைப் பார்த்தவங்க எல்லாரும் எங்க ஊர் பேச்சைப் பேசிக் காட்டினாங்க. அதே பேச்சை விட்டாத்தான் வேலைன்னு மூணு வருஷத்துக்கு முன்னாடி எனக்கு ஒருத்தர் சொல்லியிருந்தாரு.

அதைச் சொல்லிட்டு இன்னைக்கு விஷயத்துக்கு வர்றேன். விளம்பரத்துக்குக் குரல் கொடுக்க ஒரு ஸ்டூடியோவுக்கு ஆடிஷன் போனேன். பேர் வேணாம். ஒரு சமையல் எண்ணெய் விளம்பரம், நாலு வரி. பேசி முடிச்சதும் கண்ணாடிக்கு அந்தப் பக்கத்துல இருந்து, "வாய்ஸ் நல்லாருக்கும்மா, ஆனா ஊர் வாடை அடிக்குது"ன்னாங்க. வாடை! என்னமோ கருவாட்டுக் கூடையை உள்ள தூக்கிட்டு வந்த மாதிரி. அன்னைக்கு ராத்திரி எங்க அம்மாச்சிக்கு போன் பண்ணி அழுதேன். அவங்க எல்லாத்தையும் கேட்டுட்டு ஒண்ணே ஒண்ணுதான் சொன்னாங்க: "ஏத்தா, மனோரமாவுக்கு அடிக்காத வாடையா?"

அதுவரைக்கும் மனோரமான்னா எனக்கு 'சின்ன கவுண்டர்'ல பல்லு நீட்டிக்கிட்டு வர்ற பாட்டிம்மா, அவ்வளவுதான். அம்மாச்சி சொன்னதுக்கு அப்புறம்தான் தேடித் தேடிப் பார்க்கவும் படிக்கவும் ஆரம்பிச்சேன். இன்னைக்கு எபிசோடு அவங்களைப் பத்தித்தான்.

இயற்பேரு கோபிசாந்தா. பிறந்தது 1937 மே 26, மன்னார்குடியில. கைக்குழந்தையா இருக்கும்போதே அப்பா வேற குடும்பம் தேடிப் போயிட்டாரு. அம்மா பிள்ளையைத் தூக்கிக்கிட்டு காரைக்குடி பக்கத்துல இருக்கிற பள்ளத்தூருக்கு வந்து வீட்டு வேலை செஞ்சாங்க. அம்மாவுக்கு உடம்பு முடியாமப் போனதும் பள்ளிக்கூடம் பாதியில நின்னுச்சு, பிள்ளையும் வீட்டு வேலைக்குப் போச்சு. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

பிள்ளைக்குப் பாட்டு வந்துச்சு. யாரும் சொல்லிக் கொடுத்த பாட்டு இல்லை, காதுல விழுந்ததைப் பாடுறது. பன்னிரண்டு வயசு வாக்குல, 'அந்தமான் காதலி'ன்னு ஒரு நாடகத்துல பாடத் தெரிஞ்ச ஆள் தேவைப்பட்டு மேடை ஏறுனாங்க. (சிவாஜி படம் இல்லைங்க, அது 1978. இது அதுக்கு ரொம்ப முன்னாடி.) 'மனோரமா'ங்கிற பேரும் நாடகக்காரங்க வச்சதுதான். அப்புறம் எஸ்.எஸ்.ராஜேந்திரனோட நாடகக் குழு, கலைஞர் எழுதின 'மணிமகுடம்', அண்ணாவோட மேடைன்னு போச்சு. அண்ணா, கலைஞர், எம்.ஜி.ஆர்., ஜெயலலிதா, ஆந்திராவுக்கு என்.டி.ஆர்.னு, முதலமைச்சரா இருந்த அஞ்சு பேரோட மேடையிலயோ திரையிலயோ நடிச்சவங்க. பொது அறிவுப் புத்தகத்துல இதைத்தான் போடுவாங்க. எனக்கு அதைவிட அந்தப் பன்னிரண்டு வயசு முக்கியம். அவங்க உள்ள நுழைஞ்ச கதவு நடிப்பு இல்லை, பாட்டு.

அன்னைக்கு நாடகத்துல நடிக்கிறவங்கதான் பாடணும். ஆர்மோனியக்காரர் சுருதி பிடிப்பாரு, நீங்க கடைசி வரிசையில மணல்ல உட்கார்ந்திருக்கிறவர் காது வரைக்கும் குரலைக் கொண்டு போகணும். சினிமாவும் தொடக்கத்துல அப்படித்தான் இருந்துச்சு. கே.பி.சுந்தராம்பாள் நடிகையா பாடகியான்னு யாரும் பிரிச்சுக் கேட்கலை. 1938-ல 'நந்தகுமார்' படத்துல பின்னணிப் பாட்டு வந்ததுக்கு அப்புறம் கொஞ்சம் கொஞ்சமா முகம் ஒருத்தருது, குரல் இன்னொருத்தருதுன்னு ஆயிடுச்சு. மனோரமா சினிமாவுக்கு வந்த 1958-ல அது முழுசா முடிஞ்சுபோன விஷயம். பாட்டால மேடை ஏறுன பொண்ணு, பாட வேண்டிய அவசியமே இல்லாத இடத்துக்கு வந்து சேர்ந்தாங்க.

முதல் படம் கண்ணதாசன் தயாரிச்ச 'மாலையிட்ட மங்கை'. கொடுத்தது காமெடி வேஷம். அவங்களுக்கு அழுகை. நாடகத்துல கதாநாயகியா நடிச்சுட்டு வந்தவங்க இல்லையா? கதாநாயகின்னா நாலஞ்சு வருஷம்தான், சிரிக்க வச்சா ரொம்ப காலம் நிக்கலாம்னு கவிஞர் சொன்னதா அவங்களே பல பேட்டியில சொல்லியிருக்காங்க. கதாநாயகி ஆசையும் ஒரு தடவை நிறைவேறிச்சு. 1963-ல மாடர்ன் தியேட்டர்ஸ் 'கொஞ்சும் குமரி', ஜோடி ஆர்.எஸ்.மனோகர். ஆனா கவிஞர் சொன்னதுதான் பலிச்சுது. அது வாக்கா, வாய்ப்பு கொடுக்காததுக்கு ஆறுதலான்னு எனக்கு இன்னும் சந்தேகம் இருக்கு. ரெண்டுமா இருக்கலாம்.

1968-க்கு வருவோம். அந்த ஒரு வருஷத்தை மட்டும் எடுத்துக்கிட்டாலே போதும். 'தில்லானா மோகனாம்பாள்', ஜில் ஜில் ரமாமணி. எங்க அம்மாச்சி கல்யாணமான புதுசுல வத்திராயிருப்பு வரைக்கும் நடந்து, அங்கிருந்து பஸ் பிடிச்சு ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போய்ப் பார்த்த படம். சிவாஜி இருக்காரு, பத்மினி இருக்காங்க, டி.எஸ்.பாலையா இருக்காரு. இத்தனை பேருக்கு நடுவுல ஒரு நாடகக் கொட்டகை நடிகையா மனோரமா வர்றாங்க. அந்தச் சிரிப்பு, அந்த இழுவை, சிவாஜியை மரியாதையா பார்க்கிற பார்வை, அதுக்குள்ள ஒளிஞ்சிருக்கிற ஒரு ஏக்கம். இப்ப யூடியூப்ல பாருங்க, முதல்ல சிரிப்பீங்க. ரெண்டாவது தடவை பார்க்கும்போது சிரிப்பு வராது. ஊர் ஊரா நாடகம் போட்டுப் பிழைக்கிற பொம்பளையை உலகம் எப்படிப் பார்க்கும்னு அவங்களுக்கு உள்ள இருந்து தெரியும். அதைத்தான் நடிச்சாங்க.

ஒரு வேடிக்கை என்னன்னா, அந்தப் படத்துல ரமாமணி மேடையில பாடுற பாட்டுக்குக் குரல் எல்.ஆர்.ஈஸ்வரி. ஈஸ்வரியம்மாவைக் குறை சொல்லவே முடியாது, பிரமாதமான குரல். ஆனா நாடகத்துல தானே பாடிக்கிட்டிருந்த ஒருத்தங்க, நாடகக்காரியா நடிக்கும்போது வாயை மட்டும் அசைக்க வேண்டியிருந்துச்சு, பாருங்க.

அதே 1968-ல 'பொம்மலாட்டம்'. இசை வி.குமார். சோவைப் பார்த்து மெட்ராஸ் பாஷையில ஒரு பாட்டு. அது மனோரமாவோட சொந்தக் குரல். உங்களுக்கும் தெரியும், கல்யாண வீட்டு ஆர்கெஸ்ட்ராவுல இன்னைக்கும் பாடுறாங்க. மன்னார்குடியில பிறந்து பள்ளத்தூர்ல வளர்ந்த பொண்ணு அந்த மெட்ராஸ் பாஷையை எங்க கத்துக்கிச்சு? பள்ளிக்கூடத்துல இல்லை. காதுல. 'அனுபவி ராஜா அனுபவி'யில நாகேஷ் கூட தூத்துக்குடிப் பேச்சு. 'சின்ன கவுண்டர்'ல கொங்குப் பேச்சு. ஒவ்வொரு ஊரு வாடையையும் அவங்க தொழிலா வச்சிருந்தாங்க. நான் வாடையைக் கழுவிட்டு வரணும்னு சொன்ன அதே மாதிரிக் கண்ணாடி அறையில!

பேச்சு வழக்கைக் கேலி பண்றதும் நடிக்கிறதும் வேற வேற. கேலி பண்றவர் நாலு சொல்லைப் பிடிச்சுக்குவாரு: 'ஏங்க', 'அங்கிட்டு', 'இம்புட்டு'. சொல்லு சரியா இருக்கும், மூச்சு இருக்காது. எங்க ஊர்ல கேள்வி கேட்டா கடைசிச் சொல்லு மேல ஏறாது, கீழ இறங்கி நிக்கும். கோபத்துல வேகமா பேச மாட்டாங்க, நிதானமாயிடுவாங்க. மனோரமா பிடிச்சது அந்த மாதிரி மூச்சை. அதனாலதான் அந்தந்த ஊர்க்காரங்களுக்குக் கோபம் வரலை.

'ஆச்சி'ங்கிற பேரும் குரலால வந்ததுதான், அதுவும் முகம் தெரியாத இடத்துல. விவித பாரதி வானொலியில 'காப்புக்கட்டி சத்திரம்'னு ஒரு நாடகம். அதுல செட்டிநாட்டுப் பேச்சு பேசினாங்க. அதைக் கேட்டுத்தான் ஆச்சின்னு கூப்பிட ஆரம்பிச்சிருக்காங்க. திருநெல்வேலிப் பக்கம் ஆச்சின்னா பாட்டி. செட்டிநாட்டுல வீட்டுப் பொம்பளைகளை மரியாதையா கூப்பிடுறது. யோசிச்சுப் பாருங்க, பள்ளத்தூர்ல ஆச்சிமார் வீட்டுல வேலை செஞ்ச பொண்ணை, தமிழ்நாடே ஆச்சின்னு கூப்பிட்டுச்சு. பாட்காஸ்ட் பண்றவளா எனக்கு இது ரொம்பப் பிடிச்ச கதை. படம் இல்லை, மேக்கப் இல்லை, ஒரு மைக் மட்டும்.

இப்ப அந்த வீட்டு வேலை விஷயம். 1986, விசுவோட 'சம்சாரம் அது மின்சாரம்'. அதுல ஆச்சிக்கு வேலைக்காரி கண்ணம்மா வேஷம். ஏவி.எம். படம், தேசிய விருது வாங்கின படம். வீட்டுல அத்தனை பேரும் உடைஞ்சு நிக்கும்போது சம்பந்தி வீட்டுக்காரர்கிட்ட எகிறிக் குதிச்சுப் பேசுவாங்க பாருங்க, தியேட்டர் அதிரும். அடுத்தவங்க வீட்டுல பத்துப்பாத்திரம் தேய்ச்ச கைங்க அது. அதை நினைச்சுக்கிட்டு அந்த சீனைப் பாருங்க.

மத்த கணக்கை வேகமா சொல்லிடுறேன். ஆயிரம் படம் தாண்டி 1985-ல கின்னஸ். 'புதிய பாதை'க்காக சிறந்த துணை நடிகைக்கான தேசிய விருது. 2002-ல பத்மஸ்ரீ. 1994-ல 'மே மாதம்' படத்துல ஏ.ஆர்.ரகுமான் இசையில, மெட்ராஸைச் சுத்திப் பார்க்கிற பாட்டுல அவங்க குரல் வரும். வி.குமார்ல இருந்து ரகுமான் வரைக்கும். டிவி வந்ததும் அதையும் விடலை. 'ஆச்சி இன்டர்நேஷனல்' மாதிரி தொடர்கள்ல நடிச்சாங்க. பெரிய திரையில பேர் வாங்கினவங்க சின்னத்திரைக்கு வந்தா "மார்க்கெட் போச்சு"ன்னு சொல்ற காலம் அது. அவங்களுக்கு மேடை, ரேடியோ, சினிமா, டிவி எல்லாமே ஒரே வேலைதான்னு நினைக்கிறேன்.

எல்லாமே ஏறுமுகமா சொல்லிட்டுப் போனா அது பொய். கல்யாணம் ரெண்டு வருஷம்கூட ஒழுங்கா நிக்கலை, மகனைத் தனியாத்தான் வளர்த்தாங்க. 1996 தேர்தல்ல அ.தி.மு.க. மேடையில ரஜினிகாந்தைக் கடுமையா பேசினாங்க. அந்த அலையில அது என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். வாய்ப்பு நின்னுபோச்சு. வாயால வாழ்ந்தவங்களை வாயே கவுத்துச்சுன்னு ஊர் பேசுச்சு. அடுத்த வருஷமே 'அருணாசலம்' படத்துல ரஜினி அவங்களை நடிக்க வச்சாரு. அதை அவர் பெருந்தன்மைன்னு எல்லாரும் சொல்றோம், சரிதான். ஆனா எனக்கு உறுத்துறது வேற. ஆயிரம் படம் நடிச்ச ஒருத்தங்க, நாற்பது வருஷத்துக்கு அப்புறமும், ஒரு பெரிய மனுஷன் மனசு வச்சாத்தான் திரும்பி வர முடியும்னா அந்த ஆயிரத்துக்கு என்ன பாதுகாப்பு?

இந்தக் கேள்வியை அம்மாச்சிகிட்ட கேட்டேன். "எங்களுக்கு மட்டும் என்ன பாதுகாப்பு, நடவு முடிஞ்சா அடுத்த நடவு வரைக்கும் சும்மாதான்"னாங்க. அதுக்கு மேல அவங்களுக்கு அதுல ஆர்வம் இல்லை.

ஆச்சி 2015 அக்டோபர் 10 அன்னைக்கு இறந்தாங்க, 78 வயசு. அப்ப நான் காலேஜ் ஹாஸ்டல்ல. டிவியில காட்டுனாங்க, நான் சேனலை மாத்தினேன். இதை ஒத்துக்கத்தான் வேணும்.

விளம்பரக் குரல் வேலைக்கு நான் அப்புறம் போகலை. ஊர்ப் பேச்சையே வச்சு ஜெயிச்சுட்டேன்னும் சொல்ல மாட்டேன். இந்த பாட்காஸ்ட்ல முதல் பத்து எபிசோடு கேட்டுப் பாருங்க, நியூஸ் வாசிக்கிற மாதிரியே பேசியிருப்பேன். இப்பதான் கொஞ்சம் கொஞ்சமா அவிழுது.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனப்ப ரெக்கார்டரை எடுத்துட்டுப் போனேன். அம்மாச்சி நடவுல முன்னாடி நின்னு பாடுறவங்க. அவங்க ஒரு வரி எடுத்தா பின்னாடி இருபது பேர் வாங்கிப் பாடுவாங்க. இப்ப முழங்கால் வலி, வயலுக்குப் போறதில்லை. "பாடுங்க அம்மாச்சி"ன்னா வெட்கம். "இதைக் கேட்டு மெட்ராஸ்ல யாருக்கு என்ன ஆகப்போகுது, போத்தா"ன்னாங்க. நான் போனை எடுத்து 'பொம்மலாட்டம்' பாட்டைப் போட்டேன். முழுசா கேட்டாங்க. "இவ சுருதி விடாமப் பாடியிருக்கா பாரு"ன்னு சொல்லிட்டு, வெத்தலையைத் துப்பிட்டு வந்து உட்கார்ந்தாங்க.

ரெண்டு நிமிஷம் நாற்பது செகண்ட். நடுவுல ஒரு இடத்துல வரி மறந்து, திரும்ப எடுப்பாங்க. பின்னாடி பக்கத்துத் தோட்டத்து மோட்டார் சத்தம் கேக்கும். எடிட் பண்றவர் அதை எடுத்துடலாமான்னு கேட்டாரு. வேணாம்னுட்டேன்.

(பதிவு ஒலிக்கிறது.)