களம் தெரிந்தால் ஆள் தெரிவார்

(தமிழ்ப் புனைகதையில் பாத்திரப் படைப்பு: ஆனையூர்க் கருத்தரங்கில் ஆற்றிய தலைமை உரை)

இலக்கியக் கூட்டம் என்றால் தல்லாகுளம் அல்லது நாகமலை என்பது மதுரையின் வழக்கம். 2011-இல் மாநகராட்சியோடு இணைந்த இந்த ஆனையூர்ப் பகுதிக்கு அதைக் கொண்டுவந்தது நல்ல காரியம்.

நம் பொருள் கதைமாந்தர். எழுதுகிறவர் தம் மாந்தரை எப்படி அறிந்துகொள்கிறார், எப்படி வளர்த்தெடுக்கிறார் என்பதே இன்றைய விவாதம். நம் வீட்டுக் குறையிலிருந்து தொடங்குகிறேன். ஆய்வேடுகளில் 'பாத்திரப் படைப்பு' என்றொரு இயல் தவறாமல் இருக்கும். தலைமைப் பாத்திரம், துணைப் பாத்திரம், எதிர்நிலைப் பாத்திரம் என்று பிரிப்போம். அன்பு, பொறுமை, பிடிவாதம் என்று குணங்களை அடுக்கி, ஒவ்வொன்றுக்கும் ஒரு மேற்கோள் தருவோம். இயல் முடிந்துவிடும். எழுதப் பழகுகிறவர்களும் இதையே வேறு விதமாகச் செய்கிறார்கள். உயரம், நிறம், படிப்பு, பிடித்த பலகாரம் வரை நோட்டில் குறித்துக்கொண்டு எழுத உட்காருகிறார்கள். கல்யாணத் தரகர் கொண்டுவரும் குறிப்பு மாதிரிதான் அது. எல்லா விவரமும் இருக்கும். ஆள் எப்படி என்பது மட்டும் தெரியாது.

இதற்கு மாற்றுவழி நம்மிடமே இருக்கிறது. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல் நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எட்டு மெய்ப்பாடுகளைச் சொல்கிறது. ஒவ்வொன்றுக்கும் நான்கு நிலைக்களன், ஆக 32. ஒருவனைக் கோபக்காரன் என்று முத்திரை குத்துவது தொல்காப்பியரின் வேலையாக இல்லை. அந்த வெகுளி எங்கிருந்து பிறந்தது என்று பார்க்கிறார்: உறுப்பறை, குடிகோள், அலை, கொலை. அழுகைக்கும் அப்படியே இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு பிறப்பிடங்கள். பிள்ளையைப் பறிகொடுத்து அழுகிறவரும் நாலு பேர் முன்னால் அவமானப்பட்டு அழுகிறவரும் ஒரே மாதிரி அழமாட்டார்கள். இந்த வேறுபாடு தெரிந்தவர்தான் கதைமாந்தரைப் படைக்க முடியும்.

அந்த இலக்கணம் செய்யுளுக்கு அல்லவா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அகப்பாட்டில் தலைமக்களின் பெயரைச் சுட்டக் கூடாது. நாவலுக்கோ பெயர், தெரு, தொழில், சம்பளம், கடன் எல்லாமே வேண்டும். ஆனாலும் 'என்ன குணம்' என்பதற்கு முன் 'எந்தக் களம்' என்று கேட்கும் அந்த முறை, பெயருள்ள மாந்தருக்கு இன்னும் கூடுதலாகப் பொருந்துகிறது.

மதுரையிலிருந்தே சான்று காட்டுகிறேன். சிலப்பதிகாரத்தின் புகார்க் காண்டத்தில் கண்ணகி பேசுவது மிகக் குறைவு. கோவலன் அவள் நலத்தைப் பாராட்டும் இடத்தில்கூட அவள் குரல் கேட்பதில்லை. சிலம்பு விற்கப் புறப்படும் கோவலனிடம் சில சொற்களில் தன் மனத்தாங்கலைச் சொல்கிறாள். அவன் கொலையுண்ட பிறகு பாண்டியன் அவையில் அவளே வழக்குரைக்கிறாள். பொறுமைசாலி திடீரெனச் சினக்காரி ஆகிவிட்டாளா? இல்லை. பொறுமைக்கு இருந்த களம் போய், வெகுளிக்கான களம் வந்திருக்கிறது. அதுவரை அவள் அதிகம் பேசாமல் இருந்ததால்தான் அவையில் அவள் பேச்சுக்கு அவ்வளவு கனம். பாத்திர வளர்ச்சி என்று நாம் சொல்வதற்கு இதைவிடப் பழைய, தெளிவான பாடம் தமிழில் எனக்குத் தெரியாது.

நவீன எழுத்துக்கு வருவோம். சி.சு. செல்லப்பாவின் 'வாடிவாசல்' சிறிய நூல். ஒரு சல்லிக்கட்டுப் பொழுதுக்குள் முடிந்துவிடும். நாயகன் பிச்சியின் வரலாற்றை ஆசிரியர் முதலிலேயே விரித்து வைப்பதில்லை. திட்டிவாசலருகே ஒரு கிழவனார் பேச்சுக் கொடுக்கிறார். அந்தப் பேச்சிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக, இவன் அம்புலியின் மகன், தகப்பனைக் குத்திய காரிக் காளைக்காகக் காத்திருக்கிறான் என்பது வெளியே வருகிறது. தறுகண்மை பெருமிதத்துக்கு ஒரு களம் என்றது பழைய இலக்கணம். பிச்சியின் தறுகண்மைக்கு அடியில் ஓர் இழவு கிடக்கிறது. இரண்டு களங்கள் ஒருவனுக்குள் சேரும்போது அவன் வெறும் வீரனாக நின்றுவிடுவதில்லை.

அடுத்து, இந்த மதுரையில் பிறந்து இங்கேயே 1981-இல் மறைந்த ஜி. நாகராஜன். கணிதம் கற்பித்தவர். அவருடைய 'நாளை மற்றுமொரு நாளே' 1974-இல் நூலாக வந்தது. கந்தன் என்பவனின் வாழ்வில் ஒரே ஒரு நாள்தான் கதை. மனைவி மீனாவின் உடல் விற்று வரும் வருமானத்தில் பிழைப்பவன். அதே மீனாவுக்குத் தனக்குப் பிறகு என்ன ஆகும் என்று கவலைப்படுகிறவனும் அவனே. குணப்பட்டியல் போடுகிறவர் இவனை எந்தக் கட்டத்தில் வைப்பார்? நாகராஜன் தீர்ப்புச் சொல்லவில்லை, பரிந்துபேசவும் இல்லை. காலையிலிருந்து அவன் பின்னாலேயே போகிறார். எழுத்தாளர் தம் தீர்ப்பை எவ்வளவு தள்ளிவைக்கிறாரோ, அந்த அளவுக்கு மாந்தர் வளர இடம் கிடைக்கிறது.

ஜெயகாந்தன் செய்தது இன்னொரு வகை. 1966-இல் வந்த 'அக்கினிப் பிரவேசம்' கதையில், கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் மகளின் தலையில் தாய் தண்ணீர் ஊற்றி, நீ சுத்தமாகிவிட்டாய் என்று அரவணைக்கிறாள். பெரும் விவாதம் எழுந்தது. அந்தத் தாய் அப்படிச் செய்யாமல் ஊரறியக் கத்தியிருந்தால்? அந்தக் கேள்வியிலிருந்து பிறந்தது 'சில நேரங்களில் சில மனிதர்கள்'. தாயின் ஒரு செயல் மாறியதும், கங்கா என்ற முற்றிலும் வேறொரு பெண் உருவாகிவிட்டாள். படித்து வேலைக்குப் போகிறாள், தனித்து நிற்கிறாள், தன்னைக் கெடுத்தவனையே தேடிப் போகிறாள். மாந்தரை அறிய விரும்பும் இளைஞர்களுக்கு இதைவிட நல்ல பயிற்சி இல்லை. உங்கள் கதையில் ஒரு செயலை மாற்றிப் பாருங்கள். அப்போதும் அந்த ஆள் மாறவே இல்லையென்றால், அவர் இன்னும் உங்களுக்கு அறிமுகமாகவில்லை என்று பொருள்.

சிறு பாத்திரங்களையும் மறந்துவிடக் கூடாது. வத்தலக்குண்டு பி.ஆர். ராஜமையர் 'கமலாம்பாள் சரித்திர'த்தை விவேக சிந்தாமணி இதழில் எழுதத் தொடங்கியபோது அவருக்கு இருபதை ஒட்டிய வயது. அதில் வரும் தமிழ்ப் பண்டிதர் ஆடுசாபட்டி அம்மையப்ப பிள்ளை நூறாண்டு தாண்டியும் பேசப்படுகிறார். ஆங்கில எழுத்தாளர் ஈ.எம். ஃபார்ஸ்டர் 1927-இல் பாத்திரங்களைத் தட்டை, முழுமை என்று பிரித்தார். நாம் தட்டை என்பதை வசைச்சொல்லாக ஆக்கிவிட்டோம். தட்டைப் பாத்திரம் எளிதில் நினைவில் நிற்கும் என்று சொன்னவரும் அவரேதான். அம்மையப்ப பிள்ளை அதற்கு நம் ஊர்ச் சாட்சி.

இனி களப்பணி. இங்கே பக்கத்தில் உழவர் சந்தை இருக்கிறது. ஒரு மணி நேரம் நின்று கேளுங்கள். கீரை விற்கும் ஒரே அம்மா ஒருத்தரை 'தம்பி' என்கிறார், இன்னொருவரை 'சார்' என்கிறார், பக்கத்துக் கடைக்காரரை 'ஏண்ணே' என்று அதட்டுகிறார், மகனிடம் 'டேய்' போடுகிறார். ஒரு மனுஷியின் உறவும் அதிகாரமும் அந்த விளிச்சொற்களில் தெரிந்துவிடும். இதே ஆனையூரில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமும் இருக்கிறது. அங்கே பெரியவர்கள் பேசும் தமிழும் இங்கேயே பிறந்து பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் பேசும் தமிழும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. வீட்டுக்குள் ஒரு தமிழ், தெருவில் ஒரு தமிழ் என்று பேசும் பிள்ளையை எழுத, அடையாள அட்டை விவரம் போதாது. எந்த இடத்தில் எந்தத் தமிழுக்கு மாறுகிறது என்று தெரிய வேண்டும். ஆனால் ஓர் எச்சரிக்கை: கேட்டதை அப்படியே பெயர் மாற்றி எழுதுவது படைப்பாகாது, ஒருவரின் துயரத்தை அவருக்குத் தெரியாமல் எடுத்து விற்பதும் அறமாகாது. பலரிடம் கேட்டதைச் செரித்து, யாரும் தன்னுடையது என்று சுட்டிக்காட்ட முடியாத ஒருவரை உருவாக்குவதே எழுத்தாளர் வேலை.

கட்டுரையாளர்களிடம் மூன்று வேண்டுகோள். பாத்திரத்தின் குணங்களைப் பட்டியலிடுவதோடு நிறுத்தாமல், எந்தச் சூழலில் அந்தக் குணம் வெளிப்பட்டது, எந்தச் சூழலில் கைவிட்டது என்று காட்டுங்கள். மெய்ப்பாட்டியலை முன்னுரையில் வணங்கிவிட்டு ஒதுக்காமல், ஆய்வுக் கருவியாகக் கையாளுங்கள். எங்கே பொருந்தவில்லையோ அதையும் எழுதுங்கள். மூன்றாவது, அமர்வுக்கு வந்திருக்கும் எழுத்தாளர்களைப் பேச விடுங்கள்; தம் மாந்தரோடு அவர்கள் பட்ட பாடு எந்த ஆய்வேட்டிலும் கிடைக்காது.

கதைமாந்தரை அறியும் பயிற்சி மனிதரை அறியும் பயிற்சியே. முத்திரை குத்தும் அவசரம் கூடிவரும் காலத்தில் அந்தப் பயிற்சி எழுத்தாளருக்கு மட்டுமல்ல, வாசகருக்கும் தேவை. தயங்காமல் மறுத்துப் பேசுங்கள், சான்று காட்டிப் பேசுங்கள் என்று கேட்டுக்கொண்டு, இந்தக் கருத்தரங்கைத் தொடங்கிவைக்கிறேன்.